விநாடிக்கு ஐந்து மில்லிமீற்றரும் படுவான்கரையின் சுவர்களும்

சில வாரங்களுக்கு முன்னர் வாவியைக் கடந்து படுவான்கரையிலுள்ள ஒரு கிராமத்துக்குச் சென்றிருந்தேன். கிராமத்தின் பெயரை இங்கு தவிர்த்துக்கொள்கிறேன். பெயரை எழுதினால் அங்குள்ளவர்களுக்கு நன்மையைவிடத் தொல்லையே அதிகம் வந்து சேரும் என்பதை முப்பது ஆண்டுகாலப் பத்திரிகைத் தொழில் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

யுத்தத்துக்குப் பின்னர் உதவித் திட்டமொன்றின் கீழ்க் கட்டப்பட்ட சிறிய வீடு. சீமெந்துக் கல்லில் எழுப்பிய சுவர்கள். இரண்டு அறைகள். யன்னலின் மேல் மூலையிலிருந்து கூரையை நோக்கிச் சரிவாக ஏறிச் சென்றது ஒரு வெடிப்பு. எனது சிறுவிரல் நுனி அதனுள் நுழைந்தது. வீட்டுக்காரரான முதிய பெண்மணி, பொலித்தீன் பையில் பத்திரப்படுத்தி வைத்திருந்த கடிதமொன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். அருகிலுள்ள கருங்கல் அகழ்வாளர் தரப்பினர் ஊர்ச் சங்கத்துக்கு அனுப்பிய கடிதத்தின் நிழற்பிரதி அது. "வெடிப்பினால் ஏற்படும் நில அதிர்வு கணிக்கப்பட்டுள்ளது. அது விநாடிக்கு 5 மில்லிமீற்றர் என்ற அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் இருப்பதனால் வீடுகளுக்குப் பாதிப்பு எதுவும் ஏற்படமாட்டாது" என்பதே அதன் சாரம்.

நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்த அவர் சொன்னார்: "கடிதத்தில வெடிப்பு இல்லத்தான் மனே. சுவருலதானே கிடக்கு."

அந்தச் சுவரின் வெடிப்புக்குக் கல்லுடைப்புத்தான் காரணம் என்று நான் இங்கு தீர்ப்பு எழுதப் போவதில்லை. அதற்கான தகைமை எனக்கு இல்லை. நான் கலைப்பீடத்திலே படித்தவன். ஆனால் அந்தக் கடிதத்திலிருந்த "கணிக்கப்பட்டுள்ளது" என்ற ஒற்றைச் சொல்லை விசாரிக்கும் உரிமை ஒரு பத்திரிகையாளனுக்கு உண்டு. யார் கணித்தார்? எதைக் கொண்டு கணித்தார்? எந்தக் கல்லில், எந்த மண்ணில் அளந்து பெற்ற எண்களைக் கொண்டு கணித்தார்? இக்கேள்விகளுக்கு அக்கடிதத்தில் விடை இருக்கவில்லை. இவற்றைத் தொடர்ந்து சென்றபோது நான் அறிந்துகொண்டவற்றை வாசகர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் எமது மண்ணைப் பற்றிச் சில வார்த்தைகள். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான மட்டக்களப்பு வாவி, மாவட்டத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் பிரிக்கிறது. எழுவான்கரை மணற்பாங்கானது. படுவான்கரையில் வயலும் காடும் அவற்றுக்கிடையே தலைநீட்டும் கருங்கற் பாறைகளும் உள்ளன. புவிச்சரிதவியலாளர் விஜயன் தொகுதி என்று அழைக்கும் மிகப் பழைமையான பாறைகள் இவை. எழுவான்கரையில் வீதி போடவும் வீடு கட்டவும் கடலரிப்பைத் தடுக்கவும் கல் வேண்டுமென்றால் அது பெரும்பாலும் வாவியின் மேற்குப் பக்கத்திலிருந்தே வரவேண்டும். 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின்னரான மீள்கட்டுமானமும், 2007 ஜூலையில் குடும்பிமலை படையினர் வசமானதுடன் கிழக்கில் யுத்தம் ஓய்ந்த பின்னர் தொடங்கிய வீதி அபிவிருத்தியும் இந்தத் தேவையைப் பன்மடங்காக்கின. 2013 இல் புதிய கல்லடிப் பாலமும் 2014 இல் மண்முனைப் பாலமும் திறக்கப்பட்டன. மண்முனையில் ஓடப்பாதைக்காகக் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவன் என்ற வகையில் அந்தப் பாலத்தை நான் வாழ்த்துகிறேன். பாலங்கள் வேண்டாம், வீதிகள் வேண்டாம் என்று சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவன் நான் அல்லன். கல் வேண்டும். கல் வேண்டுமென்றால் பாறை வெடிக்கப்படத்தான் வேண்டும். அதன் விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே எனது கேள்வி.

இந்த விலை எவ்வளவு கொடூரமானதாக இருக்க முடியும் என்பதை மட்டக்களப்பு ஒருமுறை கண்டிருக்கிறது. 2010 செப்டெம்பர் 17 ஆம் திகதி, செங்கலடி – பதுளை வீதியிலுள்ள கரடியனாறு பொலிஸ் நிலைய வளவில் வைக்கப்பட்டிருந்த வெடிமருந்து வெடித்துச் சிதறியது. வீதி அமைப்புப் பணியில் ஈடுபட்டிருந்த சீன நிறுவனமொன்றின் பாவனைக்கென வைக்கப்பட்டிருந்த, பாறை உடைப்பதற்கான வெடிமருந்து அது. அன்றைய தினம் இறந்தோர் தொகை அறுபது என்றுகூடச் செய்திகள் வந்தன. பின்னர் அது இருபத்தைந்து அளவுக்குத் திருத்தப்பட்டது. இறந்தவர்களில் பொலிஸாரும் பொதுமக்களும் சீனப் பணியாளர்கள் இருவரும் அடங்குவர். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், 2021 ஜனவரி 21 ஆம் திகதி இரவு, கர்நாடக மாநிலம் சிவமொக்கா மாவட்டத்தின் ஹுணசோடு என்ற இடத்தில் கல்குவாரிக்கு அருகே வெடிமருந்து ஏற்றிய லொறி வெடித்தபோது, தூரத்து ஊர்களிலிருந்தவர்கள் பூமியதிர்ச்சி என்றெண்ணி வீதிக்கு ஓடி வந்தார்கள்.

இவை பெரும் விபத்துக்கள். பத்திரிகைகளின் முதற்பக்கத்துக்கு வருபவை. முதற்பக்கத்துக்கு வராத சிறு அதிர்வுகள் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவைகள் வந்துகொண்டே இருக்கின்றன. அலுமாரியிலுள்ள கோப்பைகள் கிலுகிலுக்கின்றன. தொட்டிலில் கிடக்கும் பிள்ளை வீரிட்டு அழுகிறது. அவற்றைப் பற்றி எழுதுவதற்குச் செய்தியாளர்களாகிய எமக்கு இடமும் கிடைப்பதில்லை, பொறுமையும் இருப்பதில்லை.

சரி, நில அதிர்வை எவ்வாறு கணிக்கிறார்கள்?

பாறையிலே துளைகள் இட்டு வெடிமருந்தை நிரப்பி வெடிக்க வைக்கும்போது அதன் சக்தியில் ஒரு பகுதி கல்லை உடைக்கிறது. மீதியின் ஒரு பகுதி அலையாக நிலத்தினூடாகப் பயணம் செய்கிறது. அந்த அலை ஒரு வீட்டின் அடியை வந்தடையும்போது அங்குள்ள மண் துணிக்கைகள் எவ்வளவு வேகத்தில் அசைகின்றன என்பதையே அதிர்வுமானி அளக்கிறது. அவ்வேகத்தின் உச்சப் பெறுமானமே உச்சத் துணிக்கை வேகம் எனப்படும். விநாடிக்கு இத்தனை மில்லிமீற்றர் என்று அதைச் சொல்வார்கள்.

கணிப்பதற்கு இரண்டு எண்கள் அடிப்படையானவை. ஒன்று வீட்டுக்கும் வெடிக்கும் இடத்துக்கும் இடையிலான தூரம். மற்றையது ஒரே கணத்தில் வெடிக்கும் வெடிமருந்தின் எடை. முழு வெடிப்பில் மொத்தம் எத்தனை கிலோ என்பதைவிட ஒரே கணத்தில் எத்தனை கிலோ என்பதே இங்கு முக்கியம். துளைகளை ஒன்றன்பின் ஒன்றாக, ஆயிரத்தில் சில விநாடிகள் இடைவெளியில் வெடிக்கவைக்கும் தாமத டெற்றனேற்றர்கள் இதற்காகவே பயன்படுத்தப்படுகின்றன. எட்டு மில்லிவிநாடிக்குள் வெடிப்பவற்றை ஒரே வெடிப்பாகக் கொள்வது நெடுங்கால வழக்கு. தூரத்தை எடையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது ஒப்பளவுத் தூரம். அந்த ஒப்பளவுத் தூரத்தை ஒரு குறித்த அடுக்குக்கு உயர்த்தி, அதனால் மாறிலி ஒன்றை வகுத்தால் அதிர்வு வேகம் கிடைக்கும். சூத்திரம் இவ்வளவுதான். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவான்.

அந்த மாறிலியும் அடுக்கும் எங்கிருந்து வருகின்றன என்பதிலேதான் சூட்சுமம் இருக்கிறது. அவை இடத்துக்கிடம் மாறுபவை. பாறை எவ்வளவு பிளவுபட்டிருக்கிறது, அதன் மேல் எவ்வளவு மண் மூடியிருக்கிறது, நிலத்தடி நீர் எந்த மட்டத்தில் நிற்கிறது, துளைக்கு முன்னால் எவ்வளவு கல் சுமையாக நிற்கிறது ஆகிய அனைத்தும் அவற்றைத் தீர்மானிக்கின்றன. அந்தந்த இடத்தில் வெடித்து, பல்வேறு தூரங்களில் அளந்து, இருபது முப்பது அளவீடுகளையாவது மடக்கை வரைபிலே குறித்து, அவற்றினூடாகக் கோடு வரைந்து பெறவேண்டிய எண்கள் அவை. அப்படி அளக்காதவர்கள் வேறு நாட்டு நியமங்களில் உள்ள பொது எண்களை எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள்.

ஓர் உதாரணம் தருகிறேன். அவுஸ்திரேலிய நியமத்திலே, சாதாரண நிலைமைகளுக்கு 1140 என்ற மாறிலியும் 1.6 என்ற அடுக்கும் தரப்பட்டுள்ளன. வீடு 300 மீற்றர் தூரத்தில் இருக்கிறது, ஒரே கணத்தில் 100 கிலோகிராம் வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூறின் வர்க்கமூலம் 10. ஆகவே ஒப்பளவுத் தூரம் 30. கணக்கைச் செய்து பார்த்தால் விநாடிக்கு 4.9 மில்லிமீற்றர் என்று விடை வருகிறது. எல்லை 5. கணிப்பு 4.9. "அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் உள்ளது" என்று கடிதம் எழுதிவிடலாம்!

ஆனால் அதே அவுஸ்திரேலிய நியமம் இன்னும் இரண்டு விடயங்களைச் சொல்கிறது. முதலாவது, இந்த எண்களால் கிடைப்பது நடுக்கோடு. அதாவது வெடிப்புக்களில் பாதி அந்த அளவைத் தாண்டும் என்பதே அதன் பொருள். இரண்டாவது, நில நிலைமைகளும் ஏனைய காரணிகளும் மாறுபடுவதனால் உண்மையான அதிர்வு, கணித்ததன் ஐந்தில் இரண்டு பங்கிலிருந்து நான்கு மடங்கு வரை இருக்கலாம். 4.9 என்று கணித்த இடத்தில் உண்மையில் 2 ஆகவும் இருக்கலாம், ஏறத்தாழ 20 ஆகவும் இருக்கலாம். நான்கு மடங்கு வந்தாலும் 5 ஐத் தாண்டக்கூடாது என்று திட்டமிடுபவர், அதே 300 மீற்றரில் ஒரே கணத்தில் 18 கிலோகிராமுக்கு மேல் வெடிக்க முடியாது. நூறு கிலோவுக்கும் பதினெட்டுக் கிலோவுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் யாருடைய இலாபத்தில் சேர்கிறது, யாருடைய சுவரில் கழிகிறது என்பதை வாசகர்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தாமத டெற்றனேற்றர்கள் பிசகி, தனித்தனியே வெடிக்கவேண்டிய இரண்டு துளைகள் ஒன்றாக வெடித்துவிட்டால் நூறு கிலோ இருநூறு கிலோ ஆகிறது. அப்போது 4.9 என்ற நடுக்கோட்டுக் கணிப்பே 8.6 ஆகிவிடுகிறது. வீட்டின் தூரம் பாதியாகி 150 மீற்றரானால், அதே நூறு கிலோவுக்கு அது 15 மில்லிமீற்றர். தூரம் பாதியானால் எடை காற்பங்காகவேண்டும் என்பது இச்சூத்திரம் சொல்லும் ஒழுங்கு. பாறையைத் தின்று தின்று அகழ்வு முகப்பு ஆண்டுக்கு ஆண்டு ஊரை நோக்கி நகரும் இடங்களில் அந்த ஒழுங்கு பின்பற்றப்படுகிறதா என்று யார் பார்க்கிறார்கள்?

எல்லை என்ற சொல்லையும் சற்று ஆராய்வோம். ஐந்து என்பது வேதவாக்கு அன்று. அமெரிக்கச் சுரங்கப் பணியகம் 1971 இல் வெளியிட்ட அறிக்கையிலே வீடுகளுக்கு விநாடிக்கு இரண்டு அங்குலம், அதாவது 50 மில்லிமீற்றர் வரை பாதுகாப்பானது என்றது. ஒன்பது ஆண்டுகளின் பின்னர், 1980 இல், அதே பணியகம் விரிவான ஆய்வுக்குப் பிறகு, குறைந்த மீடிறன் கொண்ட அதிர்வுகளுக்கு, சாந்து பூசிய சுவர்களையுடைய வீடுகளில் 12.7 மில்லிமீற்றர் என்று அதை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தது. இந்தியாவின் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 1997 இல் வெளியிட்ட சுற்றறிக்கை, அகழ்வாளருக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு மீடிறன் 8 ஹேர்ட்ஸுக்குக் குறைவாயின் 5 என்றும், 8 முதல் 25 வரையாயின் 10 என்றும், அதற்கு மேலாயின் 15 என்றும் வகுத்தது.

மீடிறன் ஏன் இவ்வளவு முக்கியம்? ஒவ்வொரு கட்டடத்துக்கும் இயல்பான ஆட்ட வேகம் ஒன்று உண்டு. ஒரு மாடி, இரு மாடி வீடுகளுக்கு அது பெரும்பாலும் 4 இலிருந்து 12 ஹேர்ட்ஸ் வரையாகும். வரும் அலையின் மீடிறனும் அதுவும் ஒன்றிவிட்டால் பரிவு ஏற்பட்டு ஆட்டம் பெருகும். ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளிவிடும் சிறுபிள்ளைக்கும் இது தெரியும். கெட்டியான பாறையில் அலை உயர்ந்த மீடிறனுடன் செல்கிறது. தடித்த, நீர் ஊறிய மண் படையினுள் நுழைந்ததும் மீடிறன் தாழ்ந்து, ஆட்டம் நீடிக்கும் சாத்தியம் உண்டு. படுவான்கரையிலே பாறை ஓரிடத்தில் நிற்கிறது. வீடுகளோ வயலோரத்து ஈர மண்ணில் நிற்கின்றன. வேறெங்கோ வறண்ட பாறை நிலத்தில் பெற்ற எண்களைக் கொண்டுவந்து இந்த மண்ணுக்குச் சாத்திரம் சொல்ல முடியுமா?

எமது நாட்டில் சட்டம் இல்லாமல் இல்லை. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள் மற்றும் கனியங்கள் சட்டத்தின் கீழ், புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கங்கள் பணியகம் அகழ்வு அனுமதிப்பத்திரங்களை வழங்குகிறது. 1980 ஆம் ஆண்டின் 47 ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கட்டடங்களை வகைப்படுத்தி அதிர்வுக்கான இடைக்கால நியமங்களை வகுத்துள்ளது. கொங்கிறீற்றில் எழுந்த மாடிக் கட்டடத்துக்கு ஓர் அளவு, சீமெந்துக் கல் வீட்டுக்கு அதைவிடக் குறைந்த அளவு, தொல்பொருட் சின்னங்களுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அளவு என அவை ஒழுங்காகவே இருக்கின்றன. காகிதத்தில் குறை காண்பதற்கு அதிகம் இல்லை. அந்த எல்லை வீட்டு வாசலில் அளந்து காட்டப்படுகிறதா, மேசையில் கணித்துச் சொல்லப்படுகிறதா என்பதிலேதான் குறை இருக்கிறது.

நான் சென்ற கிராமத்தவர்கள் சொன்னார்கள்: ஒரு தடவை மட்டும் அளவுக்கருவி கொண்டுவரப்பட்டதாம். அதுவும் வீடுகளுக்கருகே வைக்கப்படாமல், வெடிக்குமிடத்திலிருந்து இன்னும் தொலைவிலுள்ள ஒரு வளவில், உதிரி மணலின் மேல் வைக்கப்பட்டதாம். அன்றைய வெடியும் "சின்ன வெடி"யாகவே இருந்ததாம். இதை நான் நேரிற் கண்டதில்லை, கேட்டதையே எழுதுகிறேன். ஆனால் கருவியின் உணரியை நிலத்திலே புதைத்தோ, நன்கு அழுத்திப் பிணைத்தோ வைக்காவிட்டால் அது காட்டும் எண் நம்பத்தக்கதாக இராது என்பது அத்துறையின் அரிச்சுவடி. அளவீட்டை ஊரவர் முன்னிலையில் செய்திருந்தால் இத்தகைய சந்தேகம் எழுந்திருக்குமா?

மறுதரப்பின் வாதங்களையும் நேர்மையாக எடுத்துக்கொள்வோம். "சீமெந்துக் கல் வீடுகளில் வெடிப்பு ஏற்பட நூறு காரணங்கள் உண்டு" என்கிறார்கள். உண்மை. வெயிலும் ஈரமும் மாறி மாறி வருவதே சுவரை விரித்துச் சுருக்கிப் பிளக்கும். வயற் களிமண் மாரியில் வீங்கிக் கோடையில் சுருங்கும். ஆழமற்ற அத்திவாரமும் சீமெந்தைக் குறைத்த ஒப்பந்தக்காரரும் எமக்குப் புதியவர்கள் அல்லர். பண்டாரவளைப் பகுதியிலே, உமா ஓயாத் திட்டத்தின் சுரங்கப் பாதைக்குள் நிலத்தடி நீர் புகுந்து வடிந்தபோது, கிணறுகள் வற்றி வீடுகள் வெடித்தன. அங்கே நீர் வெளியேறியதனால் நிலம் தாழ்ந்ததே காரணமாகப் பேசப்பட்டது. ஆகவே வெடிப்பைக் கண்டவுடன் வெடிமருந்தைக் குற்றஞ்சாட்டுவது அறிவியல் ஆகாது. ஏற்றுக்கொள்கிறேன்.

"மனிதன் உணர்வதெல்லாம் சேதம் விளைவிப்பதில்லை" என்கிறார்கள். அதுவும் உண்மை. விநாடிக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த அதிர்வையே எமது உடல் உணர்ந்துவிடும். யன்னல்கள் அதிர்வது பெரும்பாலும் காற்றினூடாக வரும் அழுத்த அலையினாலாகும். நில அலை விநாடிக்குப் பல ஆயிரம் மீற்றர் வேகத்தில் முதலில் வந்துவிடுகிறது. காற்றலை விநாடிக்கு 340 மீற்றர் வேகத்தில், 300 மீற்றர் தூரத்துக்கு ஏறத்தாழ ஒரு விநாடி பிந்தி வருகிறது. தரை முதலில் ஆடியதா, கதவு யன்னல் பின்னர் அடித்துக்கொண்டனவா என்பதைக் கவனித்து வைத்திருப்பவர்கள் முறைப்பாடு செய்யும்போது தெளிவாகப் பேசமுடியும்.

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னர் நான் கேட்பது இதுதான்: வெடிப்புக்கு நூறு காரணங்கள் இருக்குமானால், அந்த நூறில் இது இல்லை என்பதை நிறுவவேண்டிய கடமை யாருக்கு? வெடிமருந்து வைத்திருப்பவரிடம் பொறியியலாளர் இருக்கிறார், கருவி இருக்கிறது, பதிவேடு இருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் பொலித்தீன் பையிலே ஒரு நிழற்பிரதி இருக்கிறது. நிரூபிக்கும் சுமையை இவர்களுள் யாருடைய தலையில் வைப்பது நியாயம்? வெடிவேலை தொடங்குவதற்கு முன்னரே சுற்றிலுமுள்ள வீடுகளைப் பார்வையிட்டு, அப்போதிருந்த வெடிப்புக்களைப் படம் பிடித்து, வீட்டுக்காரரின் கையொப்பத்துடன் பிரதியொன்றை அவரிடமே கொடுத்திருந்தால் இந்த வழக்கு ஒரு நாளில் தீர்ந்திருக்கும். பழைய வெடிப்பு என்றால் படத்தில் இருக்கும். அகழ்வாளருக்கும் அது பாதுகாப்பே. ஆயினும் அது செய்யப்படவில்லை.

"குறித்த தூரத்தைச் சட்டத்தில் நிர்ணயித்துவிட்டால் போதாதா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். இந்தியாவிலே அதுவும் நடந்திருக்கிறது. கேரளத்தில் 50 மீற்றராக இருந்த இடைவெளி போதாதென்று, வெடிவைக்கும் குவாரிகளுக்கு 200 மீற்றர் வேண்டுமெனத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜூலையில் உத்தரவிட்டது. அகழ்வாளர்கள் நீதிமன்றம் சென்றனர். பிணக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. தூரம் அவசியம்தான். பறக்கும் கற்களிலிருந்து காப்பதற்காகவேனும் அது அவசியம். ஆனால் எடையைக் கட்டுப்படுத்தாத தூரம் அரைச் சட்டமே. 200 மீற்றரில் ஐந்து கிலோவும் வெடிக்கலாம், ஐந்நூறு கிலோவும் வெடிக்கலாம். இரண்டையும் அந்த வீட்டுச் சுவர் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது.

இங்கே எனது தொழிலின் தவறையும் ஒப்புக்கொள்ளவேண்டும். பல ஆண்டுகளுக்கு முன்னர் இதே போன்ற முறைப்பாடொன்றை நான் செய்தியாக்கினேன். ஊரவரின் கூற்றை ஒரு பந்தியிலும், "எல்லைக்குள் உள்ளது" என்ற பொறுப்பானவரின் பதிலை மறுபந்தியிலும் போட்டு, இரு தரப்பையும் கேட்டுவிட்டேன் என்ற திருப்தியுடன் அனுப்பிவைத்தேன். அந்த எல்லைக்குள் இருப்பது அளந்த எண்ணா, கணித்த எண்ணா என்று கேட்கவில்லை. கணித்ததென்றால் நடுக்கோட்டிலா, மேல் எல்லைக் கோட்டிலா என்று கேட்கவில்லை. கேட்கவேண்டும் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை. எண் ஒன்றைக் கண்டதும் எமக்கு வாயடைத்துப் போகிறது. அமைச்சரின் பேச்சைக் குறுக்குக் கேள்வி கேட்கத் தெரிந்த நாங்கள் தசமப் புள்ளியின் முன்னால் கைகட்டி நின்றுவிடுகிறோம். அந்தச் செய்தியால் அந்த ஊருக்கு எந்தப் பயனும் விளையவில்லை. அந்தக் கடன் இன்னமும் என்மீது இருக்கிறது.

அதனால் இம்முறை குறைகூறலுடன் நின்றுவிடாமல் கோரிக்கைகளையும் முன்வைக்கிறேன்.

முதலாவது, குடியிருப்புக்கு அருகில் வெடிவைக்க அனுமதிக்கப்படும் ஒவ்வோர் இடத்திலும் அந்த இடத்துக்கே உரிய மாறிலியும் அடுக்கும் பரிசோதனை வெடிப்புக்களால் பெறப்படவேண்டும். நடுக்கோட்டை விடுத்து, நூறில் தொண்ணூற்றைந்து வெடிப்புக்கள் அடங்கும் மேற்கோட்டைக் கொண்டே வெடிமருந்தின் எடை தீர்மானிக்கப்படவேண்டும். அகழ்வு முகப்பு நகரும்போது கணிப்பும் புதுப்பிக்கப்படவேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு வெடிப்பும் மிக அருகிலுள்ள வீட்டு வாசலில், ஊரவர் ஒருவர் முன்னிலையில் அளக்கப்பட்டு, திகதி, நேரம், எடை, தூரம், வேகம், மீடிறன், காற்றழுத்தம் ஆகியவற்றுடன் கிராம உத்தியோகத்தரின் அலுவலகத்தில் தமிழில் காட்சிப்படுத்தப்படவேண்டும். மழை வீழ்ச்சியைக் கரும்பலகையில் எழுதிவைக்க முடிந்த நாட்டில் இதுவும் முடியும்.

மூன்றாவது, வெடிவேலைக்கு முந்திய வீட்டுப் பதிவு கட்டாயமாக்கப்படவேண்டும். பதிவு இல்லாத இடத்தில் ஏற்படும் வெடிப்புக்கு அகழ்வாளரே மறுப்பு நிறுவவேண்டும்.

நான்காவது, வெடிக்கும் நேரம் முன்னறிவிக்கப்படவேண்டும். திடீரென வரும் அதிர்வுக்கும் அறிந்து எதிர்பார்த்த அதிர்வுக்கும் இடையே, குண்டுச் சத்தங்களிடையே வளர்ந்த எமது மக்களின் மனதில் பாரிய வேறுபாடு உண்டு. இதற்கு எந்தச் சூத்திரமும் தேவையில்லை.

அதிகாரிகள் செய்யும்வரை மக்கள் காத்திருக்கவும் தேவையில்லை. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள், பரிசோதனை வெடிப்பின் அறிக்கை, அதிர்வுமானிப் பதிவுகள் ஆகியவற்றின் பிரதிகளை எந்தப் பிரசையும் கோரலாம். வழங்குவதா மறுப்பதா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். வீட்டிலே வெடிப்பு இருந்தால் அதன் இரு முனைகளையும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதுங்கள். மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வெடிப்பின் குறுக்கே சாந்து வைத்து ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அருகில் அளவுகோலை வைத்துக் கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். ஒரு கொப்பியில் வெடிச் சத்தம் கேட்ட திகதியையும் நேரத்தையும் எழுதுங்கள். ஒருவர் எழுதினால் அது முறைப்பாடு. இருபது வீட்டார் ஆறு மாதம் எழுதினால் எந்த நீதவானும் புரட்டிப் பார்க்கக்கூடிய ஆவணம்.

அன்று அந்த வீட்டிலிருந்து புறப்படும்போது பென்சிலால் நானே கோடிட்டு, திகதியும் எழுதிவிட்டு வந்தேன். அவரது பேரனிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, எப்படி எழுதவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் பையன். வர்க்கமூலம் தெரியுமா என்று கேட்டேன். "தெரியும் சேர்" என்றான். தகவல் கோரும் விண்ணப்பத்தை ஊர்ச் சங்கத்தின் பெயரில் எழுதி வைத்திருக்கிறோம். அது இந்த வாரம் அனுப்பப்படும். கிடைக்கும் பதில் எதுவாயினும், அகழ்வாளருக்குச் சாதகமாகவே இருந்தாலும், அதை இங்கே எண்களுடன் எழுதுவேன்.